கையை எடுத்த பிறகுதான் கத்தி

மழைக்கு ஒதுங்கிய உணவக வாசலில் மோதிக்கொண்டார்கள். மரிசோல் கையிலிருந்த சூப் அவன் சட்டையெல்லாம் வழிந்தது.

"ஐயோ, ஸாரி..." என்று நிமிர்ந்தாள். அவனுக்குத் தேன் நிறக் கண்கள்... இமையில் மழைத்துளி... ஒரு நொடி மூச்சே நின்றது. மறுநொடி ஆளை அடையாளம் தெரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"நீங்க அந்த சீரியல் கொலைகாரன்தானே? சூப் இன்னும் கொஞ்சம் சூடா இருந்திருக்கணும்!"

ரமீரோ சிரித்தான். டிவி தொடரில் இறைச்சி ஆலைத் தொழிலாளியாக வந்து வாரம் ஒருவரை வெட்டுகிறவன். படப்பிடிப்புக்காக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்திருந்தான்.

"ரசிகையா?"

"ரசிகையாவது! இந்த ஊர் இறைச்சி ஆலையிலதான் நான் கத்தி பிடிக்கிறேன். விரல் மரத்துப்போய் சீப்பைக்கூடப் பிடிக்க முடியல, அதைக் காட்டினீங்களா? இறைச்சி விளம்பரத்துல சிரிக்கிற மாடு, சீரியல்ல பிசாசு. நடுவுல நாங்க எங்கே போனோம்?"

"கதைதானே..."

"உங்களுக்குக் கதை! போன மாசம் ஒருத்தன் என்கூடக் காபி குடிக்க வந்தான். எங்கே வேலைன்னு சொன்னதும் நாற்காலியைப் பின்னால இழுத்துக்கிட்டான்!"

அவன் முகம் சுருங்கியது. "எனக்கு மட்டும் என்ன? என் பழுப்பு நிறத்தைப் பார்த்ததுமே வில்லன் வேஷம்னு கையில கத்தியைத் தர்றாங்க."

"தந்தா வாங்கிக்குவீங்களோ?"

சுருக்கென்றது அவனுக்கு. மழையில் இறங்கிப் போனான். கண் மட்டும் அழகா இருந்து என்ன பிரயோஜனம்... என்று அவள் பொருமினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குள்ளேயே படப்பிடிப்பு. கூட்டக் காட்சியில் நிற்கத் தொழிலாளிகளை மேலாளர் அனுப்பியிருந்தார், மரிசோலையும் சேர்த்து. சிவப்புச் சாயம் வழியும் ஏப்ரனோடு வந்த ரமீரோ, பல்லை இளித்துக்கொண்டு அவளிடம் கத்தியை நீட்ட வேண்டும். நீட்டினான். அவள் கை எழவில்லை.

"மரிசோல், வாங்கும்மா!" என்று கத்தினார் டைரக்டர்.

"இங்க யாரும் கைக்குக் கை கத்தி கொடுக்க மாட்டோம்," என்றாள். "மேஜையில வைப்போம். கையை எடுப்போம். அப்புறம்தான் அடுத்தவங்க எடுப்பாங்க. பக்கத்துல நிக்கிறவங்க விரல் எங்களுக்குப் பெருசு. நாங்களா கொலைகாரங்க?"

"பாடம் கேட்க வரல! ரமீரோ, நீட்டு!"

ரமீரோ அவளையே பார்த்தான். கத்தியை மேஜையில் வைத்தான். கையை எடுத்தான். ஏப்ரனையும் அவிழ்த்துப் போட்டான்.

"நீ இல்லேன்னா பத்து பேர் வருவாங்க!" என்றார் டைரக்டர்.

"வரட்டும்."

மறுபடி மழை. அதே உணவகம். எதிரே வந்து உட்கார்ந்தவனை அவள் முறைத்தாள்.

"ஹீரோன்னு நினைப்பா? நாளைக்கே இன்னொருத்தன் அந்த ஏப்ரனைக் கட்டிக்குவான்."

"தெரியும். அதை நினைச்சா எனக்கும் ஆத்திரமா வருது."

"என் கோபம் போகாது."

"போக வேண்டாம்... கோபத்தோடயே உன்னைப் பிடிச்சுப் போச்சு, மரிசோல்."

நாற்காலியை அவன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். உள்ளங்கையை விரித்து மேஜையில் வைத்தான்.

"வெச்சுட்டேன். எடுத்துக்கறது உன் இஷ்டம்."

சூப் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். பிறகு அவன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"மரத்துப்போன விரலுப்பா... சூடு தெரிய நேரமாகும்."

"ஆகட்டும்," என்றான். "இங்கேயேதான் இருக்கப் போறேன்."