இருபது நிமிஷம்னு போட்டிருந்தீங்க

மழைக்கு ஒதுங்க வந்தவன் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வாசல் மிதியடியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான். நெடுநெடுவென்ற உயரம். தோளில் ஸ்பானரும் திருப்புளியும் துருத்திக்கொண்டிருந்த ஒரு பை. அந்தக் கண்கள் மட்டும்... எதையோ பறிகொடுத்துவிட்டு, அது எங்கே போனதென்று இன்னும் தேடுகிற கண்கள்.

“இங்க அட்டை எழுதறது யாருங்க?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கேள்வி வந்தால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வரும். வராதா பின்னே... நாடக மன்றத்து நூலகத்தில் ஏழு வருஷமாக அதுதானே அவள் பிழைப்பு! புதிதாக எழுதப்படுகிற குறுநாடகங்களை எல்லாம் உட்கார்ந்து படிப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. எத்தனை பேர் நடிக்க வேண்டும், மேடையில் என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஓடும், படிக்க மட்டும்தான் நல்லதா, போடவும் நல்லதா... கடைசியில் இரண்டு வரிப் பரிந்துரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அட்டைகள் பட்டியலாக அச்சாகும். ஆபீஸ் விட்டு வந்து அரக்கப்பரக்க ஒத்திகை பார்க்கிற குழுக்களுக்கெல்லாம் அதுதான் வேதம். ‘அட்டை மேடம் சொன்னா கண்ண மூடிட்டுப் போடலாம்’ என்பார்கள்.

“நான்தான்... என்ன வேணும்?”

அவன் பட்டியலிலிருந்து கிழித்த ஒரு தாளை மேசைமேல் வைத்தான். நனைந்திருந்தது.

“‘அடுத்த வண்டி’ நாடகம். இருபது நிமிஷம்னு போட்டிருந்தீங்க.”

“ஆமா.”

“இருபது நிமிஷம் இல்லைங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. “ஏழு வருஷமா எழுதறேன். நேரம் தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தர் வந்து சொன்னதில்ல. உங்க ஆளுங்க இழுத்திருப்பாங்க. மேடையில ஏறிட்டா சில பேருக்கு இறங்க மனசே வராது.”

அவன் அவளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். படவில்லை.

“நான் இறங்கிட்டேங்க... பாதியிலேயே” என்றான். அவ்வளவுதான். அந்தக் கொட்டுகிற மழையில் படியிறங்கிப் போய்விட்டான்.

மேசைமேல் தாள் கிடந்தது. அவளுடைய வரிகள்தான். ‘பாத்திரங்கள்: இரண்டு. தேவை: ஒரு பெஞ்சு. நேரம்: இருபது நிமிடம். படிக்கலாம், கட்டாயம் போடலாம். சொல்ல வேண்டியதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர்கள் முதலில் போடட்டும்.’ அந்தக் கடைசி வரிக்குக் கீழே யாரோ பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள். மனசு ஏனோ உறுத்தியது.

அந்த நாடகத்தைப் போட்டது எந்தக் குழு என்று கண்டுபிடிக்கப் பெரிய பாடில்லை. குழுவை நடத்துகிறவர் ஒரு கணக்கு டீச்சர். போனில் அவர் குரலே இறங்கித்தான் இருந்தது.

“அவன் லிஃப்ட் மெக்கானிக்மா. நாடகப் பைத்தியம். அதுக்காக நல்ல ஆபீஸ் வேலையை விட்டான்னு அப்பாவுக்குக் கோபம். மூணு வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. சாப்பிட்டானான்னு கேக்கறதுகூட அம்மா வழியாத்தான். அப்புறம் அப்பா ஆஸ்பத்திரியில படுத்துட்டார். நேர்ல சொல்ல வாய் வரல, நாடகத்துல சொல்லிடறேன் டீச்சர்னு உன் பட்டியலை எடுத்துட்டு வந்தான்.”

அவள் அந்த நனைந்த தாளை எடுத்து மேசையில் நீவிவிட்டாள்.

“ஆறு மணிக்குள்ள வார்டுக்குத் திரும்பணும்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரியில அவரை நாடகத்துக்கு வெளிய விட்டாங்க. அஞ்சே காலுக்கு ஆரம்பிச்சோம். இருபது நிமிஷம்தானே, தாராளமா முடிஞ்சிடும்னு... அஞ்சே முக்கால் வரைக்கும் கூட வந்த நர்ஸ் பொறுத்துப் பாத்தாங்க. வண்டிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிட்டார். வீல்சேரைத் திருப்பிட்டாங்க. பெரியவர் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போறார்... இவன் மேடையில நின்னு அதைப் பாக்கறான். வசனம் வரல. திரையை இழுத்துட்டோம். பன்னண்டாம் நாள் அவர் போயிட்டார்மா.”

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவள் ‘அடுத்த வண்டி’யை எடுத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எப்போதும் மனசுக்குள் படிப்பதுதான் அவள் வழக்கம். படித்து முடித்த நேரத்தோடு பாதியைக் கூட்டி எழுதிவிடுவாள். வாய் ஓயாமல் பேசுகிற நாடகங்களுக்கு அது சரியாகவே இருந்தது. இந்த முறை வாய்விட்டுப் படித்தாள். பஸ் நிறுத்தத்தில் ஓர் அப்பாவும் மகனும். இரண்டு வரிக்கு ஒருமுறை அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்... மௌனம். எண்ணிப் பார்த்தாள். பதினேழு. பதினேழையும் அன்றைக்குக் கண்ணால் தாண்டிப் போயிருக்கிறாள், ஏதோ முற்றுப்புள்ளியைத் தாண்டுகிற மாதிரி!

ஒவ்வொரு மௌனத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். முப்பது நிமிடம் ஆனபோது கையில் இன்னும் நாலு பக்கம் மிச்சமிருந்தது. வீல்சேரைத் திருப்பிய இடம். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை அவளுக்கு.

மன்னிப்புக் கேட்பது அவளுக்கு வேப்பங்காய். இரண்டு நாள் புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பினாள். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் லிஃப்ட் பழுது பார்ப்பதாகக் கணக்கு டீச்சர் சொன்ன கண் மருத்துவமனைக்கே போய்விட்டாள். லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்டைக் காணோம். தரை மட்டத்தில் ஒரு தலை மட்டும் தெரிந்தது... அவனுடையது. பள்ளத்துக்குள் இறங்கி நின்று எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

தலையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது... அவள் அப்படியே தரையில் குந்தினாள்.

“மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“கேளுங்க. எட்டிப் பாத்து உள்ள விழுந்துடாதீங்க.”

“நான் மௌனத்தை எல்லாம் கணக்குல எடுக்கல. என் தப்புதான். அன்னைக்கு உங்களை அப்படிப் பேசினதும் தப்பு.”

ஸ்பானர் நின்றது. கிரீஸ் கறை படிந்த முகம் மெதுவாக நிமிர்ந்தது.

“தப்புல பாதி எனக்குங்க” என்றான். “ஒத்திகையில நாங்களும் மௌனத்தை ‘மௌனம்’னு வாயால சொல்லிட்டு ஓடிடுவோம். எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம். இருபத்திரண்டு நிமிஷம் வந்துது, சரின்னு விட்டுட்டேன். அன்னைக்கு அப்பா முன்வரிசையில உக்காந்திருந்தாரா... மௌனம் எல்லாம் தானா நீண்டுபோச்சு.”

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். “எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? இன்னும் எத்தனை அட்டையில இதே தப்பைப் பண்ணியிருக்கேனோ தெரியல. மௌனம் இருக்கிற நாடகத்தை எல்லாம் வாய்விட்டுப் படிச்சு நேரம் பாக்கணும். எனக்கு ஒரு வாய்தான் இருக்கு.”

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு அந்த முகத்துக்கு வழி மறந்துபோய்த் தடுமாறித்தான் வந்தது. “வியாழக்கிழமை எனக்கு மத்தியானத்தோட வேலை முடிஞ்சிடும்” என்றான்.

வியாழக்கிழமைகள் வந்தன. ஜன்னலுக்கு வெளியே அந்தப் பருவம் முழுக்க மழை. உள்ளே மூக்கைச் சுளிக்க வைக்கிற ஈரக் காகித வாடை. மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் கடிகாரம். செத்துப்போன மனைவியின் போன் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கூப்பிட்டு, கடைசியில் வேண்டாம் என்று வைத்துவிடுகிற ஒருவனின் கதை... பத்து நிமிடம் என்றிருந்தது பதினாறு ஆனது. பிரிந்துபோகிற தம்பதி புத்தகங்களைப் பங்கு போடுகிற நாடகம்... ‘படிக்க மட்டும்’ என்று எழுதியிருந்ததை அவன் குரலில் கேட்டதும் ‘கட்டாயம் போடலாம்’ என்று மாற்றினாள். யாரோ எழுதிய சண்டைகளைப் போட்டார்கள். யாரோ எழுதிய சமாதானங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ‘ஈரத் துண்டு’ என்ற நாடகத்தில் கணவன் பேசிக்கொண்டே போக, மனைவிக்கு வசனமே இல்லாத ஒரு பக்கம் வரும். அதில் அவள் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுததை அவன் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

“வியாழக்கிழமைன்னா மட்டும் தலை வாரிக்கத் தெரியுதே உனக்கு!” என்று அக்கா சீண்டினாள்.

“சும்மா இரு அக்கா.”

“சும்மாதான் இருக்கேன். நீதான் இல்ல.”

‘அடுத்த வண்டி’யை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. அது அலமாரியில் இருப்பது இருவருக்கும் தெரியும்.

அவளுடைய வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு வியாழக்கிழமை மன்றத்துச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். “யாரும்மா அந்தத் தம்பி, வாராவாரம் வந்துட்டுப் போறாரே? ஏதும் விசேஷமா?”

முகம் சூடாகிவிட்டது அவளுக்கு. “அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். என்னால அவருக்கு ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. அதுக்குப் பரிகாரமா ஏதோ...” சொல்லிக்கொண்டே திரும்பினாள். வாசல் மிதியடியில் அவன் நின்றிருந்தான்.

அன்று படிக்கவில்லை. வேலை இருக்கிறது என்றான். படிக்கட்டு வரை பின்னாலேயே போனாள்.

“பரிகாரம்னா அது முடிஞ்சுதுங்க” என்றான், திரும்பாமல். “என்மேல பாவப்பட்டு நீங்க வியாழக்கிழமையை ஒதுக்க வேண்டாம்.”

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ரோஷம் குறுக்கே வந்து நின்றது. என்னை என்ன நினைத்துவிட்டான் இவன்...

“சரி” என்றாள்.

மூன்று வியாழக்கிழமைகள் மழை மட்டும் வந்தது. தனியாகப் படித்தாள். எதிர்ப் பக்கத்து வசனங்களையும் தானே படித்தாள். எந்த நாடகத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுத வரவில்லை. நாலாவது வாரம் செயலாளர் வந்து, பட்டியல் நாளைக்கு அச்சுக்குப் போகிறது, திருத்தம் இருந்தால் இன்றே கொடு என்றார். திருத்தம் பாக்கி இருந்தது... ஒரே ஒரு அட்டையில். ‘சொல்ல வேண்டியதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர்கள்...’ தான் எழுதிய வரியைத் தானே படித்தாள். வெட்கமாக இருந்தது. போனை எடுத்தாள்.

“‘அடுத்த வண்டி’க்கு நேரம் பாக்கணும். கடைசி நாலு பக்கம் மிச்சமிருக்கு. அதைத் தனியா படிக்க என்னால முடியல.”

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “வரேன்” என்றான்.

வந்தான். முதல் நாள் போலவே நனைந்து வந்தான். கடிகாரத்தை நடுவில் வைத்தாள். அவனுக்கு மகனின் வசனம், அவளுக்கு அப்பாவின் வசனம். வீல்சேரைத் திருப்பிய இடம் வந்தது. அவன் குரல் தட்டியது. நிறுத்தினான். தண்ணீர் குடித்தான். மறுபடி ஆரம்பித்தான்.

கடைசிப் பக்கம்.

“அப்பா... நீங்க ஊரை விட்டுப் போன அன்னைக்கு நான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். தூண் மறைவுல நின்னேன். கூப்பிடத்தான் தெரியல எனக்கு.”

பதினேழாவது மௌனம். ஓட்டில் மழை கொட்டிற்று. அவன் தாளைப் பார்க்கவில்லை; வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ அந்த வழியாகப் போய்விட்ட மாதிரி. அடுத்த வரி அவளுடையது. அந்தப் பெரியவருடையது. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று ஒரு கணம் பதறினாள். ஆனால் அதைச் சொல்ல அந்த அறையில் வேறு யாரும் இல்லையே...

“தெரியும்டா” என்று படித்தாள். “பாத்தேன்.”

அவன் மேசையில் முகம் கவிழ்ந்து அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அவள் அவன் கைமேல் கை வைத்தாள். எடுக்கவில்லை.

ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நேரம் எவ்வளவு?” என்று கேட்டான்.

“பாக்க மறந்துட்டேன்.”

“அட்டை மேடம்... இதுதானே உங்க வேலை?”

அவள் சிரிக்கவில்லை. “அன்னைக்கு செயலாளர்கிட்ட சொன்னது பொய். முதல் வாரம் என் தப்புக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிட்டதெல்லாம் நீங்க வரணும்னுதான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வைக்க எனக்குப் பயமா இருக்கு.”

அவன் பேசவில்லை. அவளும் அவசரப்படவில்லை. காத்திருந்தாள்.

“தெரியும்” என்றான் கடைசியில். “‘ஈரத் துண்டு’ படிச்சப்போ தாளுக்குப் பின்னாடி அழுதீங்களே... பாத்தேன். அன்னைக்கே நானும் சொல்லியிருக்கணும். நான் வியாழக்கிழமைக்காக மத்த ஆறு நாளும் உசிரோட இருந்தேன்.”

பட்டியல் ஒரு வாரம் தாமதமாகத்தான் அச்சுக்குப் போனது. செயலாளர் கத்தினார், அவள் காதில் வாங்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் முதலிலிருந்து படித்தார்கள். அந்த அட்டை இப்போது இப்படி இருக்கிறது:

‘அடுத்த வண்டி. பாத்திரங்கள்: இரண்டு. தேவை: ஒரு பெஞ்சு. நேரம்: முப்பத்தெட்டு நிமிடம். படிக்கலாம், கட்டாயம் போடலாம். ஒத்திகையிலும் மௌனங்களைத் தாண்ட வேண்டாம். யாருக்காகப் போடுகிறீர்களோ அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். வெளியே வண்டிக்காரரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.’