ஐம்பத்தாறாவது கட்டை

சுருதி சேர்ப்பவன் இன்று ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அவள் பேராலயத்தின் மேல்மாடத்துக்கு ஏறி வந்தபோதே குழாய்கள் நிற்கும் அறையளவு ஆர்கன் பெட்டிக்குள்ளிருந்து “ம், ஆரம்பி” என்று குரல் வந்தது. பாம்புக்காதுக்காரன் முன்னாலேயே வந்துவிட்டான் போலும் என்று உட்கார்ந்து முதல் கட்டையை அழுத்தினாள். உள்ளே அவன் குழாய் குழாயாகச் சரிசெய்வான், “அடுத்தது” என்பான், இவள் அடுத்த கட்டைக்குப் போவாள். எந்த ஊரிலும் இதுதான் முறை. பார்வையாளர் தொந்தரவு வேண்டாமென்று வாட்ச்மேன் வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தார், நாலு மணிக்குத்தான் வருவார். பழையதும் புதியதுமாகப் பதினோரு ஆர்கன்களில் வாசித்துப் பதினோரு இசைத்தட்டுகள் முடித்தாயிற்று. நாளை பன்னிரண்டாவதையும் பதிந்துவிட்டால் மகளோடு போய் நிம்மதியாக இருந்துவிடலாம்.

இருபதாவது கட்டை அபஸ்வரமாக முனகியது. குழாயைத் தட்டும் சத்தமே வரவில்லை.

“அடுத்தது.”

“தம்பி, இது இறங்கியிருக்கே, கவனிக்கலயா?”

“அடுத்தது.”

அப்போது போன் அடித்தது.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. பஸ் வழியிலயே படுத்துடுச்சு. நான் வந்து சேர நாலாயிடும்.”

“நீ உள்ள இல்லயா?”

“எதுக்குள்ள? பெட்டிச் சாவியே என் பையிலதானக்கா இருக்கு.”

பெட்டியின் பக்கக் கதவைப் பார்த்தாள். பூட்டு தொங்கியது. வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். அவருடைய போன் கீழே, பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கமே, யாருமில்லாத மேசையில் மணியடித்தது.

எழுந்தாள். உள்ளே நடைபலகைகளின் கிறீச்சொலி அவளை நோக்கி விரைந்து வந்தது. பதறி உட்கார்ந்து இருபத்தொன்றை அழுத்தினாள். கிறீச்சொலி நின்றது.

ஒலி இருக்கும்வரை உள்ளே இருப்பது அந்தக் குழாயருகே நிற்கும் என்று புரிந்தது. ஆனால் பெரிய குழாய்கள் அந்தக் கோடியில். கடைசிக் கட்டையின் சின்னக் குழாய் அவள் முகத்துக்கு நேரே. ஒவ்வொரு கட்டைக்கும் ஓரடி நெருக்கம்.

திரும்ப முதல் கட்டைக்குப் போய்ப் பார்த்தாள். பலகை அவள் பக்கமே அதிர்ந்தது. அது ஏமாறவில்லை. முப்பதாவது கட்டையை விடாமல் பிடித்துப் பார்த்தாள். ஏதோ கை குழாயின் வாயைப் பொத்தியதுபோல ஒலி இறங்கி அடங்கியது. மறுபடி கிறீச்.

“அடுத்தது.”

மணி மூன்றுகூட ஆகவில்லை.

நாற்பது. ஈரமண் வாசனை.

ஐம்பது. மூச்சு. அவளுடையது இல்லை.

ஐம்பத்தைந்து.

ஐம்பத்தாறு. அதற்குமேல் கட்டை இல்லை.

சுண்டுவிரல் அளவுக் குழாய் கீச்சென்று கத்தியது. இரண்டு கையாலும் கட்டையை அழுத்திப் பிடித்தாள். மகளே, மகளே என்று வாய் முணுமுணுத்தது. ஒலி இறங்கியது. நடுங்கியது. அடங்கியது.

பெட்டி முகப்பின் குழாய்கள் இரண்டுக்கு நடுவிலிருந்து நான்கு விரல்கள் வெளியே நீண்டன. ஈயப்பொடி அப்பிய, நகமில்லாத விரல்கள். அவள் நெற்றியைத் தொட்டு அழுத்தின. கன்னத்தை. உதட்டை. அவளுடைய முணுமுணுப்பு எங்கிருந்து வருகிறதென்று ஒவ்வொரு இடமாகத் தேடி, தொண்டைக்கு வந்ததும் நின்றன.