முந்திக்கொண்டு வந்த சாளரம்

அன்று காலை கோகிலா வீட்டில் ஒரே அமளி. பொன்னுதுரை மாமா குடும்பக் குழுவுக்கு அனுப்பிய செய்திதான் காரணம்.

"நாலு குட்டி போட்டிருக்கு. பார்த்தீங்களா?"

அவ்வளவுதான். யார் போட்டது, எங்கே போட்டது, ஒன்றும் இல்லை!

அடுத்த நிமிடமே ஜொகூரிலிருந்து பெரிய மாமா கலியாணசுந்தரம் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டார்.

"என்ன பாக்கியம், தம்பி குட்டி போட்டிருக்கானாம்?"

"அவன் எழுதுறது எதுவும் முழுசா இல்லண்ணே. கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

"மூளை கலங்கிடுச்சும்மா. இங்க முடியாத ஆளுங்களைப் பார்த்துக்கிற நல்ல இல்லம் ஒண்ணு இருக்கு. இன்னிக்கு மெர்டேக்கா, சுதந்திர தின லீவுதானே, காடியை ஓட்டிக்கிட்டு வரேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோகிலா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா இல்லாத வீடா!

பொன்னுதுரை மாமா லேசுப்பட்ட ஆளில்லை. உஜோங் பாசிர் பஸ்ஸை ஓட்டிய காலத்தில், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அதற்கெல்லாம் அசருவாரா? இடது கை ஆள்காட்டி விரலால், கோகிலாவின் அக்கா விட்டுப்போன பழைய கணினியில், சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டி எழுதினார். 'சாம்பாரில் உப்பு எங்கே?' என்று எழுதி அம்மாவை வம்புக்கு இழுப்பார்.

இப்போதோ, அவருடைய எழுத்துப் பக்கத்தில், 'பின்வாசல்ல பூனை' என்று மட்டும் மொட்டையாக நின்றது.

மாமா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோகிலாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"சும்மா எழுதுங்க மாமா. நான் பக்கத்துல உக்காந்து பார்க்கிறேன்."

இத்தனை நாளும் எல்லாரும் அவர் எழுதி முடித்த பிறகுதான் வந்து படித்தார்கள். எழுதும்போது யாரும் திரையைப் பார்த்ததில்லை. மாமாவும் பார்ப்பதில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போலக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக விசைப்பலகையில் தேடுவார்.

'கோகி, நான் இங்கேயே' என்று எழுத்துகள் வந்தன.

டிங்! குடும்பக் குழுவின் சாளரம் திரையில் முன்னால் வந்து குதித்தது. "தம்பி, பசியாறியாச்சா?" என்று பெரிய அத்தை கேட்டிருந்தார்.

மாமா நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். 'இருக்கணும், அண்ணன்கிட்ட சொல்லு' என்ற மீதி வாக்கியம் முழுவதும் குழுவின் பெட்டிக்குள் விழுந்தது. வரி முடிந்ததென்று 'என்டர்' விசையைத் தட்டினார். குழுவுக்குப் போயே போய்விட்டது!

"அடடா!" என்று கோகிலா எழுந்துவிட்டாள். பின்வாசல்ல பூனை... நாலு குட்டி போட்டிருக்கு...

ஒரே ஓட்டமாகப் பின்வாசலுக்குப் போனாள். பழைய கூடைக்குள் பூனை படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டிகள்!

"மாமா! உங்க மூளைக்கு ஒண்ணுமே இல்ல! வரிசையில நிக்கத் தெரியாம இந்தச் சாளரம்தான் முன்னால பாயுது. உங்க பாதிப் பேச்சை அது முழுங்கிடுது!"

மாமா அவளையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார். எதை முதலில் செய்தார் என்று சொல்ல முடியவில்லை.

டிங்! டிங்! "ஐயோ, என்ன சொல்றான்?" "மருந்து கொடுத்தீங்களா லா?" பாசம் கூடக்கூடச் சாளரமும் கூடுதலாகக் குதித்தது. நல்ல குடும்பம் போங்கள்! பெரிய எழுத்தில் படிக்கட்டுமே என்று போன மாதம் அந்தக் குழுவைக் கணினியில் போட்டுக் கொடுத்ததே அம்மாதான்.

"அதை எடுத்துடலாமா மாமா?"

மாமா வேண்டாம் என்று தலையாட்டினார். எல்லாருடைய செய்தியும் அவருக்கு வேண்டும். குறுக்கே விழாமல் இருந்தால் போதும்.

கோகிலா முதலில் மாமாவின் எழுத்துப் பக்கம் எப்போதும் மேலேயே நிற்கும்படி செய்தாள். அது மோசமாகப் போயிற்று. குழு பின்னால் ஒளிந்துகொண்டது, ஆனால் எழுத்துகள் அப்போதும் அதற்குள்ளேயே போய் விழுந்தன. திருடன் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாற்றத்தை எடுத்துவிட்டு, மலாயில் இருந்த அமைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'சாளரங்களின் நடத்தை' என்று ஒரு தலைப்பு இருந்தது.

"இதுக்கும் நடத்தை மார்க் உண்டா!" என்று சிரித்துக்கொண்டே திறந்தாள். எழுதிக்கொண்டிருக்கும்போது வேறு சாளரம் முந்திக்கொண்டு வருவதைத் தடுக்கும் அளவு அங்கே இருந்தது. 'தடுக்க வேண்டாம்' என்று அக்கா வைத்திருந்தாள். கோகிலா அதை 'உயர்வு' என்று மாற்றினாள்.

அம்மாவின் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். டிங்! சாளரம் குதிக்கவில்லை. திரையின் அடியில் குழுவின் பெயர் மட்டும் மின்னியது.

"அப்பாடா!" என்றாள் கோகிலா. அம்மா பின்னால் வந்து நின்று அவள் தலையைக் கோதினாள்.

பண்டார் ஹிலிர் சாலையின் விடுமுறை நெரிசலில் மாட்டி, வியர்த்து வழிந்து, பெரிய மாமா மத்தியானம் வந்து சேர்ந்தார். கையில் தம்பியின் துணிகளை அடுக்கப் புதுப் பை.

"பெரிய மாமா, கொஞ்சம் உக்காருங்க. மாமா எழுதட்டும். நீங்க குழுவுல செய்தி போட்டுக்கிட்டே இருங்க."

"எதுக்கும்மா?"

"போடுங்களேன்!"

அவர் போட்டார். டிங், டிங், டிங்! அடியில் பெயர் மின்னிக்கொண்டே இருந்தது. மாமாவின் விரல் நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் ஒன்றுகூடச் சிதறாமல் வந்தன.

'அண்ணே, என் மூளை நல்லாத்தான் இருக்கு. நான் எங்கேயும் வரலை. ஒரு மாசமா நான் சொன்னதை யாரும் முழுசாப் படிக்கலை. சொல்ல நிறைய இருக்கு.'

பெரிய மாமா அதை வாய்விட்டுப் படித்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். நாற்காலியைத் தம்பிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதுடா தம்பி. எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் நான் கிளம்புவேன்."