கல்வீட்டுக்குள் ஊர்ப் பேச்சு

கல்வராயன் மலைமேல் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காலைப் பனி முழுதாக விலகியிருக்கவில்லை. ஆரோன் காரை ஒரு பலாமரத்தடியில் நிறுத்தினான். இசைப்பிரியா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சர் அவள். லீவு கிடைத்தால் போதும், ஒரு நடுகல், ஒரு பாறை ஓவியம் என்று மலையேறிவிடுவாள். கணவன் கார்முகில் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்டு முடிந்த களைப்போடும் முகம் சுளிக்காமல் கூட வருவான். ஆரோன் அவனோடு வேலை பார்ப்பவன், கார் ஆரோனுடையது.

சரிவில் கல்வீடுகள் தெரிந்தன. பக்கங்களில் பலகைக் கற்கள், மேலே மூடியாக ஒரு பாறை, முன்கல்லில் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. எந்தக் காலத்திலோ மலைவாசிகள் தங்கள் இறந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள். பனிக்குள் அவை ஒரு தெருவைப் போல வரிசையாக நின்றன.

இருப்பதிலேயே பெரியதற்குள் இசைப்பிரியா நுழைந்தாள். டார்ச் வெளிச்சத்தில் வெறும் மண்தரை. சில்லிட்ட கற்கள்.

வாடைதான் அவளை நிறுத்தியது. காட்டு வாடை இல்லை. வௌவால் வாடையும் இல்லை. ஈரப் பழுப்பு நிலக்கரியின் வாடை. கணவனின் யூனிஃபார்மை ஊறவைக்கும்போது வாளியிலிருந்து எழுகிற அதே வாடை.

"ஆரு, நம்ம பக்கத்துப் பொண்ணா?"

காதோரம் கேட்டது. வயதான பெண்குரல்.

டார்ச்சைச் சுழற்றினாள். யாரும் இல்லை.

"வூட்டுக்குப் போவ வழி தெரியாம குந்திகினு கெடக்கோம்மா. முகிலு நல்லாகீறானா?"

முழங்கை சிராய்க்க வெளியே வந்து விழுந்தாள். கேட்டதை அப்படியே சொன்னாள். ஆரோன் சிரித்தான். கார்முகில் சிரிக்கவில்லை.

"முகிலுன்னு எங்கம்மா மட்டுந்தான் கூப்புடும்," என்றான்.

அவன் அம்மா சாமியம்மாள், அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனவள். ஊர்ச் சுடுகாட்டில் ஒரு புங்கமரத்தடியில் புதைத்தார்கள். பிறகு சுரங்கம் நகர்ந்து வந்தது. ஊர் போயிற்று, சுடுகாடும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது அடி தெரியாத பள்ளம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் இவர்களையே பார்த்தபடி நின்றாள். "எங்க மலையில செத்ததுங்க பேசாது. கல்லோட கல்லா அடங்கிப்போச்சு," என்றாள். "இது கீழேருந்து வந்து தங்கியிருக்கிற கூட்டம். இருந்த எடத்தைத் தோண்டிட்டாங்கன்னு அழுவும்."

கார்முகில் அதற்குமேல் நிற்கவில்லை. துளைக்குள் தலையை நுழைத்துவிட்டான். உள்ளே அவன் விசும்புவது வெளியே கேட்டது. வெகுநேரம் கழித்து முகமெல்லாம் மண்ணும் கண்ணீருமாக வந்தான்.

"எங்கூட வந்துடும்மான்னு கூப்புட்டேன். சரின்னுது."

ஆடு மேய்ப்பவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒருத்தரைக் கூப்புட்டா ஒருத்தர் மட்டுமா வருவாங்க?"

இறக்கத்தில்கூட கார் நகர மறுத்தது. "லாரி ஓட்டற மாதிரி இருக்குடா," என்று ஆரோன் புலம்பினான். "டயர் அமுங்குது பாரு."

பின்சீட்டில் இசைப்பிரியா தனியாகத்தான் இருந்தாள்.

ஆனால் கையை நீட்ட இடமில்லை.

அவர்களுடைய வாடகை வீடு நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில். முதல் இரண்டு மூன்று நாள் கார்முகில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தான். அம்மாவுக்கு என்று ஒரு டம்ளர் டீ வைத்தான். வெறும் சுவரைப் பார்த்துப் பேசிச் சிரித்தான். இசைப்பிரியாவுக்குப் பயத்தைவிடப் பரிதாபமே மிஞ்சியது. அம்மா இல்லாமல் வளர்ந்தவன், கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

பிறகு மற்றக் குரல்கள் வந்தன.

பள்ளி விட்டு வந்து கதவைத் திறப்பாள். பட்டப்பகலில் வீடு இருண்டு கிடக்கும். கூடத்தில் நடந்தால் குளிர்ந்த முழங்கால்கள் இடிக்கும். அடுப்படியிலும் கட்டிலடியிலும் முணுமுணுப்பு.

"எங்க எடம் எங்கம்மா?"

"புங்கமரம் எந்தப் பக்கம்?"

கார்முகிலுக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. "கேட்டுக்கினே இருக்காங்க பிரியா. காட்டிட்டா அடங்கிடுவாங்க," என்று ஒருநாள் விடியற்காலையில் கிளம்பினான். சுரங்க விளிம்பில் போய் நின்றானாம். கீழே ராட்சத இயந்திரம் மண்ணைக் கடித்துக்கொண்டிருக்க, எதிரே வெட்டிக் கொட்டிய மண் மலையாக நின்றதாம். மரமில்லை, ஊருமில்லை. இதுதான் இடம் என்று சொன்னானாம்.

திரும்பி வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பார்த்துட்டாங்க. போறதுக்கு எடமில்லன்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது.

மூச்சு மட்டும் கேட்டது. சுவரோடு சுவராக, எத்தனையோ பேருடைய மூச்சு.

கார்முகில் எலும்பும் தோலுமானான். இருமினால் கருப்பாகத் துப்பினான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இனித் தாங்காது என்று இசைப்பிரியாவே சொன்னாள். "கூட்டிக்கிட்டு வந்த எடத்துலயே விட்டுட்டு வந்துடலாங்க. அந்தக் கல்வீடாவது அவங்களுக்கு இருக்கட்டும்."

கார்முகில் கதவைத் திறந்துவைத்து, எல்லாரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டான். ஆரோன் மறுபேச்சில்லாமல் காரை எடுத்தான். கொண்டையூசி வளைவுகளில் வண்டி பஞ்சாகப் பறந்தது.

"இன்னிக்கு என்னா ஸ்மூத்தா ஏறுது பாரு," என்றான் ஆரோன்.

இசைப்பிரியா மடியில் சாய்ந்திருந்த கணவனின் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள். அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது.

கல்வீட்டின் முன் கார்முகில் மண்டியிட்டான். "வாம்மா. எல்லாரும் வாங்க. நான் முன்னால போறேன்." துளைக்குள் அவன் தோள் நுழைந்தது, இடுப்பு நுழைந்தது, கடைசியாகப் பாதங்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கார் ஏன் அவ்வளவு லேசாக ஏறியது?

"என்னங்க, வெளிய வந்துடுங்க! அவங்க யாரும் நம்மகூட வரல!"

குனிந்து டார்ச் அடித்தாள். மூன்று பக்கமும் கல். தரையில் அவன் முழங்கால் பதிந்த தடம் பின்சுவர் வரை போயிருந்தது. திரும்பிய தடம் இல்லை. ஆரோன் உள்ளே போய்க் கற்களை அறைந்து அறைந்து கூப்பிட்டான், கை கிழிந்து ரத்தம் வரும்வரை. ஊர்க்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, காட்டையே சலித்தார்கள். பின்சுவரை நெம்பிப் பார்த்தபோது அதற்கப்பால் மலைதான் இருந்தது.

எல்லாம் ஓய்ந்து, ஒரு சாயங்காலம் ஆரோன் அவளை வடக்குத்தில் இறக்கிவிட்டான். துணைக்கு இருக்கட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். அவன் பிள்ளைகள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் காத்திருப்பார்கள்.

பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தாள்.

இருட்டுக்குள் எத்தனையோ உடம்புகள் அசைந்து வழிவிட்டன.

"நவுந்து குந்துங்க," என்றது ஒரு கிசுகிசுப்பு. "டீச்சரு வந்துட்டாங்க."

இசைப்பிரியா அப்படியே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அத்தனை குரல்களுக்கு நடுவே அவன் குரலைத் தேடினாள்.

அது மட்டும் கேட்கவில்லை.