தோள் இறங்கும் நொடி

மௌனத்தில் ஒரு மேடு இருந்தது.

நாரே கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். டிரெய்லரில் திரை முழுக்கக் கறுப்பாகும் அந்த மூன்று நொடிக்கு, ஒலிக்கோடு தரையில் கிடக்கும் நூல் மாதிரி நேராகத்தான் ஓட வேண்டும். இரண்டாவது நொடியில் கடுகளவு புடைத்திருந்தது.

போன் அலறியது. பட விளம்பரத்தைக் கவனிக்கும் குக் மேடம்.

"பதினேழாவது பார்த்தாச்சும்மா. கொட்டாவி வருது. பேய்ப் படத்துக்கு டிரெய்லர் கேட்டா, வானிலை அறிக்கை கொடுத்திருக்கே."

"மேடம், கறுப்புல இன்னும் கொஞ்சம்..."

"கறுப்புலதான் எனக்குத் தூக்கமே வந்தது! நாலு மணிக்குள்ள வேணும். இல்லேன்னா அப்குஜோங் எடிட்டிங் ஆளுங்ககிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் உன் பேரை இந்த ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க."

வைத்துவிட்டாள். மதியம் மணி இரண்டரை.

நோன்ஹியோன் ரயில் நிலையத்துப் பக்கத்துச் சந்தில், ஒரு மருந்துக் கடைக்குக் கீழே, பகல் எட்டிப் பார்க்காத நிலவறைதான் நாரேயின் எடிட்டிங் அறை. ஜூலை மழை பதினோரு நாளாக விடவில்லை. சுவரில் பொருத்திய ஒலித்தடுப்புப் பஞ்சு ஈரம் குடித்துப் பழைய செருப்பு மாதிரி நாறியது. மேசை மேல் பாதி தின்ற கிம்பாப் சோற்றுருளையின் நல்லெண்ணெய் வாடை. முதுகுக்குப் பின்னால், கதவோரம், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் அது 'டிக்' என்று சொடுக்கும்.

ஒன்பது வருடத் தொழில் சொல்லிக்கொடுத்த கணக்கு அவளுக்கு அத்துப்படி. திரை கறுப்பானதும் முதல் நொடியில் ஜனங்களுக்குத் தோள் ஏறிக் கழுத்து விறைக்கும். இரண்டாவது நொடியில், 'ஒன்றும் வராது போல' என்று தோள் இறங்கும். இறங்கிய பிறகுதான் பேயைக் காட்டி அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் அடித்தால் வெறும் சத்தம். பின்னால் அடித்தால் தியேட்டர் அலறும்.

பதினேழு தடவை அடித்தாகிவிட்டது. குக் மேடத்தின் தோள் ஏறினால்தானே இறங்குவதற்கு!

நாரே காதில் ஹெட்போனை மாட்டி, அந்த மேட்டைப் பெரிதாக்கிக் கேட்டாள்.

மூச்சு.

யாரோ உள்ளே இழுக்கிறார்கள். மெதுவாக, ஈரமாக. இழுத்தது வெளியே வரவில்லை.

படப்பிடிப்பு முடிந்த இடத்தில், காலி அறையின் மௌனத்தை முப்பது நொடி பதிவு செய்து அனுப்புவது வழக்கம். கறுப்புக்கு அடியில் அவள் போட்டிருந்தது அதைத்தான். ஒலிப்பதிவாளர் பாங்கைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த மலை வீட்டு மௌனத்துல யாரோ மூச்சு விடறாங்க."

"யாரும்மா விடுவா? மைக்கை வெச்சுட்டு நானே வெளிய போய் சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தேன்." பாங் கெக்கெக்கே என்று சிரித்தார். "அடிச்சுது லக்கு! பதிவுல பேய் வந்தா படம் சூப்பர் ஹிட்டுன்னு தெரியாதா உனக்கு? அழிச்சுடாதே. சோஜூ ஊத்திக் கொடுத்து உக்கார வெச்சுக்கோ."

"விளையாடாதீங்கண்ணே. பின்னால 'டிக்'னு ஒரு சத்தமும் இருக்கு. ஏதோ மெஷின்."

"மெஷினா? அந்த வீட்டுல கரன்ட்டே கிடையாதேம்மா."

போனை வைத்தாள். ஹெட்போனில் 'டிக்' கேட்டது. ஒரு பக்கத்தை விலக்கினாள். முதுகுக்குப் பின்னால் அதே 'டிக்'.

இரண்டும் ஒன்று.

அந்த மூச்சை வெட்டி எறிந்தாள். சுத்தமான கறுப்போடு பதினெட்டாவதை அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: 'ஆபீஸ்ல ஆறு பேருக்குப் போட்டேன். அஞ்சு பேர் போனை நோண்டறாங்க.'

மூன்றரை.

பயத்தை எரிச்சல் தின்றது. ஒன்பது வருடம், பதினெட்டு தடவை, வாடகை கட்டி அழுகிற இந்தப் பாழாய்ப்போன பொந்து! நாரே வெட்டியதை மறுபடி எடுத்து ஒட்டினாள். கறுப்புத் திரையைப் பார்த்துக் கத்தினாள்:

"ஹிட்டு பண்ணத்தானே வந்திருக்கே? வர்றதுன்னா ஒழுங்கா வா! கடுகு மாதிரி எட்டிப் பார்த்துட்டுப் போகாதே!"

இயந்திரம் 'டிக்' என்றது.

ஒலிக்கோட்டில் மேடு பட்டாணியளவு இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

மூன்று ஐம்பதுக்கு அனுப்பினாள். மூன்று ஐம்பத்தேழுக்கு குக் மேடத்தின் குரல் கீச்சிட்டது.

"அடிப்பாவி, என்னடி பண்ணே! ஆறு பேரும் திரும்பிப் பின்னால பார்த்தாங்க. நானும் பார்த்தேன்! ஓகே, ஓகே, இதான் ஃபைனல்! ஆனா ஒண்ணும்மா... அந்தப் பொண்ணு கடைசியில திட்டறாளே, 'ஒழுங்கா வா'ன்னு. அது யாரு குரல்? பிரமாதம். அப்படியே இருக்கட்டும்."

நாரே மேசையைத் துழாவினாள்; மைக் எதுவும் இல்லை.

"சரி, கஷ்டப்பட்டுட்டே. இனிமே நிம்மதியா இரு. ரிலாக்ஸ்."

துண்டிப்பு.

அப்போதுதான் கவனித்தாள். இயந்திரம் நின்றிருந்தது.

விளக்கு அணைந்தது. திரையும்.

கறுப்பு.

ஒன்று. கழுத்து விறைத்தது. தோள்கள் காது வரை ஏறின.

பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மெதுவாக. ஈரமாக. இழுத்தது வெளியே வரவில்லை.

கதவு பின்னால்தான். எழுந்தால் தோள் அசையும். திரும்பினால் அசையும். அது எதற்காகக் காத்திருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் கற்றுக்கொடுத்த கணக்கு. பத்தொன்பது தடவை போட்டுக் காட்டிய கணக்கு.

இறங்கக் கூடாது.

கூடாது.

தசை எரிந்தது. வியர்வை முதுகுத்தண்டில் வழிந்தது. எத்தனை நிமிடம்? மேலே மருந்துக் கடை ஷட்டர் இறங்கியது. அவள் தோள் இறங்கவில்லை. நடுங்கியது. இறங்கவில்லை.

இடது தோளின் மேல் ஈரமான ஒரு கை வந்து உட்கார்ந்தது.

மெல்ல, பொறுமையாக, கீழே அழுத்தத் தொடங்கியது.