இடப்பக்கம் சாய்ந்த தையல்

துணியில் தைத்த வீட்டின் கூரையில், கடைசி வரிசையில், ஏழு தையல்கள் மறுபக்கம் சாய்ந்திருந்தன.

டெனிஸ் துணியை ஜன்னலடிக்குக் கொண்டுபோனான். மதியம் இரண்டு மணிதான். ஆனால் டிசம்பரில் ஒஸ்லோவுக்கு அதற்குமேல் அதிக வெளிச்சம் கிடையாது. அவன் இருந்த புருசெத் பகுதியில், எதிர்க் கட்டடத்தில் இப்போதே நத்தார்ப் பண்டிகை நட்சத்திர விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கீழே பனி வாரும் வண்டி தரையைச் சுரண்டும் சத்தம் நான்காம் மாடிவரை ஏறி, சுவருக்குள் புகுந்து, அவன் பல்லில் கூசியது. அவன் அந்த ஏழையும் விரலால் தடவினான். சிலுவைத் தையலில் ஒவ்வொரு சிலுவைக்கும் அடியில் ஒரு நூல், மேலே ஒரு நூல். மேல் நூல் எல்லாச் சிலுவையிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். பள்ளிக்கூடத்தில், பெடியன்களும் பெட்டைகளும் ஒன்றாக இருந்து ஊசி பிடித்த கைவேலை வகுப்பில், பன்னிரண்டு வயதில் அவன் கற்ற ஒரே விதி அது. அவனுடைய மேல் நூல் வலப்பக்கம் சாயும்.

இந்த ஏழும் இடப்பக்கம்.

தூக்க மாத்திரையின் குழப்பம் என்று நினைத்துக்கொண்டான். ஏழையும் கத்தரிக்கோலால் பிரித்து, மறுபடி தைத்தான்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன் பாதியில் விட்ட துணி அது. கறுப்புக் கூரை, மஞ்சள் சுவர், இரண்டு ஜன்னல். கதவு வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கல்யாணமாகி மன்னாரிலிருந்து வந்த முதல் மாதம் நிலூஜா அதை ஒரு பெட்டிக்குள் கண்டெடுத்துக் கட்டிலில் உருண்டு சிரித்தாள்.

"டெனிஸ், உந்த வீட்டுக்குக் கதவு எங்கை?"

"மணி அடிச்சிட்டுது. வகுப்பு முடிஞ்சுது."

"அப்ப உள்ளுக்கை இருக்கிற சனம் எப்பிடி வெளியிலை வாறது?"

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை."

"நான் இருக்கிறன் எண்டு வையுமன்."

நிலூஜாவுக்கு இடக்கைப் பழக்கம். கன்னியாஸ்திரிகள் அடிமட்டத்தால் அடித்தும் அது மாறவில்லை. ஒரு கராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு அவள் தைத்தால் எல்லாச் சிலுவையும் இடப்பக்கம் சாயும். "என்ரையெல்லாம் யேசுவுக்கு இடப்பக்கத்துக் கள்ளன்ரை சிலுவை, மோட்சம் கிடையாது," என்பாள்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறையில், தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து இறந்துபோனாள். அடக்கப் பூசையில் டெனிஸ் அழவில்லை. பிறகும் அழவில்லை. படுக்கையை விட்டு எழும்பவும் இல்லை. நாலு வயது மகள் மேரினை நிலூஜாவின் அக்கா புளோறன்ஸ் குரோருட்டிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஏழு தையலையும் பிரித்த மறுநாள், புதன்கிழமை, புளோறன்ஸ் தொலைபேசி எடுத்தாள்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம் அக்கா."

"பொய். சனிக்கிழமை மூண்டு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவாறன். வீடு வீடு மாதிரி இருக்கவேணும், நீர் மனிசன் மாதிரி இருக்கவேணும். இல்லாட்டி திருப்பிக் கொண்டுபோயிடுவன். பிறகு கேக்கக்கூடாது."

"தைக்கிறன் அக்கா."

"என்னது?"

"கையாலை ஏதும் செய்யச் சொல்லி டொக்டர் சொன்னவர். மேரினுக்கு ஒரு வீடு தைக்கிறன்."

"கடவுளே! ஒரு பருப்புக்கறி வைக்கத் தெரியாது, வீடு தைக்கிறாராம்."

ஒன்பது மாதத்தில் அவள் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமைக்குள் வீட்டை முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. முடித்துவிட்டால் பிள்ளை தன்னிடம் தங்கிவிடும் என்று ஏனோ நம்பினான்.

வியாழக்கிழமை தேநீர் வைக்க எழும்பினான். கேத்தல் கொதித்து அடங்கியதும் முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வட்டச் சட்டத்தில் இறுக்கிய துணியில் ஊசி ஏறும்போது சின்ன மேளம்போல ஒரு 'டொப்'. பிறகு நூல் முழு நீளமும் துணிக்குள்ளால் இழுபடும் 'சர்ர்ர்'. சற்று இடைவெளி. மறுபடி டொப். மறுபடி சர்ர்ர். அவசரமில்லாத, பழகிய கை. அவன் கோப்பையைப் பிடித்தபடியே நின்றான், தேநீர் ஆறி மேலே ஆடை படியும்வரை. சத்தம் நின்றபின் போய்ப் பார்த்தான். துணி மேசையில் தனியே கிடந்தது. அறையில் கராம்பு மணத்தது.

துணியிலிருந்த வீட்டின் இடப்பக்க ஜன்னலுக்குள் ஒரு பெண் நின்றாள். மண்ணிற முகம், நீல வீட்டுச்சட்டை. அவனிடம் நீல நூலே இல்லை.

அவளைப் பிரிக்க அவனுக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பால் வாங்கப் புறப்பட்டான். வாசல் பூட்டு திரும்பவில்லை. உலுக்கினான், தோளால் தள்ளினான். கதவு மரமாக இல்லை, சுவராக இருந்தது. தட்டினால் வெற்றொலிகூட இல்லை. முன்னறைக்கு ஓடி வந்து துணியைப் பார்த்தான். கதவுக்காக விட்டிருந்த வெறும் இடம் மஞ்சள் சிலுவைகளால் நிரம்பியிருந்தது. நாலு கட்டம் அகலம், ஏழு கட்டம் உயரம். எல்லாம் இடப்பக்கம்.

கத்தரிக்கோலை எடுத்தான். ஒன்று விடாமல் பிரித்தான். கடைசி நூல் கழன்றதும் வாசலில் பூட்டு தானாகத் திரும்பிய சத்தம் கேட்டது.

அவன் போயிருக்கலாம். வெளியே நடையில் வெளிச்சம் இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள், மின்தூக்கி கீழிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு காலை வெளியே வைத்து நின்றான். பின்னால் முன்னறையில் 'டொப்' என்றது. அது அவளுடைய கை. ஒன்பது மாதமாக அவன் கேட்க ஏங்கிய ஒரே சத்தம்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

சனிக்கிழமை வீடு கூட்டினான். சவரம் செய்தான். பருப்பை அடுப்பில் வைத்தான். இரண்டரைக்குத் துணியைப் பார்த்தான்.

நீலச் சட்டைக்குப் பக்கத்தில், அதன் இடுப்புக்கும் கீழே, சிவப்பு. இரண்டு சின்னக் கால்கள். மேரினின் பனியுடை சிவப்பு.

ஒரு சிவப்புத் தையலை வெட்டினான்.

தொலைபேசி அடித்தது. பின்னணியில் ரயில். அதற்கும் மேலே பிள்ளையின் அலறல்.

"திடீரெண்டு கால் விறைக்குதெண்டு கத்துறாள் டெனிஸ். ரயிலுக்குள்ளை சூடாத்தானே கிடக்கு! சப்பாத்தைக் கழட்டிப் பாத்தன், ஒண்டுமில்லை."

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"அக்கா, வரவேண்டாம்."

"என்ன?"

"இண்டைக்கு வேண்டாம். திரும்பிப் போங்கோ."

"அலட்டாதையும். புருசெத் வந்திட்டுது. பத்து நிமிசத்திலை வந்திடுவம்."

தொடர்பு அறுந்தது. பிரிக்க முடியாது. பிரித்தால் பிள்ளைக்கு நோகும். அப்படியென்றால் பிள்ளை இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. அதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. நேற்று அந்தக் கதவு எப்படி மூடியது என்று அவனுக்குத் தெரியும்.

மஞ்சள் நூலைக் கோத்தான். மூன்றாம் முறைதான் ஊசிக் கண்ணில் ஏறியது. நாலு கட்டம் அகலம். ஏழு கட்டம் உயரம். இருபத்தெட்டுச் சிலுவை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து தைத்தான். கீழ் நூல், மேல் நூல். வலப்பக்கம். வலப்பக்கம். அந்த நாலு கட்டத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தது. பார்க்கவில்லை. தன் ஊசியின் சத்தத்துக்குள் இன்னொரு ஊசியின் சத்தம் ஒளிந்து வருவதுபோல இருந்தது. பார்க்கவில்லை.

பத்தொன்பது. இருபது.

மின்தூக்கி நின்றது. நடையில் சப்பாத்துகள்.

"அப்பா!"

இருபத்திரண்டு.

மணி அடித்தது. புளோறன்ஸின் திறப்பு பூட்டுக்குள் நுழைந்து பாதி திரும்பியது.

இருபத்தாறு. திறப்பு நின்றது.

"சுத்துதில்லை. டெனிஸ்! உள்ளுக்கைதான் இருக்கிறீர், கறி எரியிற மணம் வருகுது. பிள்ளை நிண்டு அழுகிது!"

கதவின் கீழ்ப்பாதியில் சின்னக் கை தட்டியது. டப். டப். டப்.

"கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. உரக்கச் சொன்னான். "கூட்டிக்கொண்டு போங்கோ!"

இருபத்தெட்டு. நூலை இழுத்து இறுக்கினான்.

சின்னக் கை தட்டுவது பாதியில் நின்றது.

பிறகு புளோறன்ஸின் குரல், மிகத் தாழ்வாக. "இனிமேல் பிள்ளையைக் கேக்காதையும். வா மேரின், போவம்."

சப்பாத்துகள் போயின. மின்தூக்கி இறங்கியது.

டெனிஸ் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கீழே பார்த்தான். அழுகை வந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு, நன்றாக, மார்பு குலுங்க. பிள்ளையை இழந்துவிட்டான். ஆனால் பிள்ளை தப்பிவிட்டது. தெருவிளக்கின் கீழ் புளோறன்ஸ் புதுப்பனியில் நடந்தாள், ஒரு கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி. அந்தக் கையைப் பிடித்தபடி சிவப்புப் பனியுடை நடந்தது, தொப்பி தலையை மூட, ஒருமுறைகூட மேலே திரும்பிப் பார்க்காமல். அவள் குனிந்து அதனோடு ஏதோ கதைத்தாள்.

பின்னால் பனியில் காலடிகள் நீண்டு கிடந்தன.

ஒரே ஒரு வரிசை. பெரிய கால்கள்.

அவன் துணியிடம் திரும்பினான்.

ஜன்னலுக்குள் பிள்ளை முழுதாக நின்றது. சிவப்புக் கால்கள். சிவப்பு உடல். மண்ணிற முகம். அதன் கையை நீலச் சட்டைக்காரி பிடித்திருந்தாள், இடக்கையால். கீழே, கதவு வரவேண்டிய இடத்தில், மஞ்சள் சுவர். அவன் தைத்தது. வலப்பக்கம் சாய்ந்த இருபத்தெட்டு.

கத்தரிக்கோலைத் தேடினான். வைத்த இடத்தில் இல்லை. மேசைக்குக் கீழே இல்லை. நகத்தால் நூலைக் கிள்ளினான். வரவில்லை. பல்லால் கடித்தான். வரவில்லை. அவ்வளவு இறுக்கித் தைத்திருந்தான்.

கராம்பு மணம்.

டப். டப். டப்.

வாசலில் அல்ல. படுக்கையறைக் கதவில். உள்ளேயிருந்து. கீழ்ப்பாதியில்.

"அப்பா."

அவன் துணியை விட்டுத் திரும்பினான்.

"அப்பா, சிவப்பு நூல் முடிஞ்சு போச்சாம். அம்மா உங்களை வரட்டாம்."

கதவு ஓர் அங்குலம் திறந்தது. இடுக்கின் விளிம்பைச் சின்ன விரல்கள் பற்றிக்கொண்டன. நாலு விரல். ஒவ்வொரு விரலிலும், நகத்துக்குச் சற்று மேலே, தோலோடு சேர்த்து இறுக்கிய ஒரு சிவப்புச் சிலுவை.

எல்லாம் இடப்பக்கம்.