கொஞ்சமாய்ச் சாப்பிட்ட ஈஸ்ட்

கரக்கோல் நகரில் சைக்கலின் அம்மா மிட்டாய்க் கடை நடத்தினார். கடித்தால் நடுவிலிருந்து தேன்போலப் பாகு வழியும் மிட்டாய்க்கு அந்தக் கடை பேர்போனது. உள்ளே வைக்கும் கெட்டிச் சர்க்கரையை மெல்ல உருக்கிப் பாகாக்குவது ஒரு நொதி. அது வெளியூரிலிருந்து புட்டியில் வரும்.

இந்த முறை பனி மலைப்பாதையை மூடிவிட்டது. புட்டி வரவில்லை. நவ்ரூஸ் திருநாளுக்கு மூன்றே வாரம். மழலையர் பள்ளிக்கு முப்பது பெட்டி தருவதாக ஒப்புக்கொண்டிருந்த அம்மா, இனி முடியாது என்று சொல்லிவிட நினைத்தார்.

"ரொட்டி மாவுல போடுற ஈஸ்ட்டும் அந்த நொதியைச் செய்யுமாம், அம்மா. புத்தகத்துல படிச்சேன். வளர்த்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் பதினொரு வயதுச் சைக்கல்.

அண்ணன் அஸமத் சிரித்தான். "நிறையச் சர்க்கரை போடு. வயிறு நிறைஞ்சாத்தான் வேலை ஓடும், எனக்கு மாதிரி."

"நீ வயிறு நிறைஞ்சா தூங்கத்தானே செய்வே?"

சைக்கல் பல பாட்டில்களில் ஈஸ்ட்டைக் கரைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக வளர்த்தாள். மறுநாள் ஒவ்வொன்றின் அடியில் படிந்த ஈஸ்ட்டிலும் ஒரு கரண்டி எடுத்துச் சர்க்கரை நீரில் கலந்தாள். அப்பா தன் சர்க்கரை நோய்க்கு வைத்திருந்த சோதனைப் பட்டையை அதில் தோய்த்தாள். நொதி சர்க்கரையை உடைத்திருந்தால் பட்டை பச்சையாகும்.

ஜன்னலோரத்துப் பாட்டிலில் ஈஸ்ட் குளிரில் வளரவே இல்லை. அடுப்பை ஒட்டி இருந்தது செத்துப்போயிருந்தது. நிறையச் சர்க்கரை போட்டது நுரைத்து வழிந்தும், பட்டை லேசாகத்தான் நிறம் மாறியது.

ஒரே ஒரு பாட்டில் கரும்பச்சை காட்டியது. அதில் சர்க்கரை கொஞ்சம்தான். அதோடு, இரண்டு வயதுத் தம்பி பெக்தூர் அதைக் கிலுகிலுப்பையென்று நினைத்து நாளெல்லாம் ஆட்டியிருந்தான்.

"குருட்டு அதிர்ஷ்டம்," என்றான் அஸமத்.

சைக்கலுக்கு அது போதவில்லை. காரணம் சர்க்கரையா, ஆட்டியதா? மறுபடி நான்கு பாட்டில் வைத்தாள். நிறையச் சர்க்கரையில் இரண்டு, கொஞ்சத்தில் இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும் ஆட்டினாள். பெக்தூர் நான்கும் தனக்கே வேண்டுமென்று அழுததால் அலமாரிமேல் ஒளித்துவைத்தாள்.

விடை கிடைத்தது. ஆட்டினால் காற்றுக் கலந்து ஈஸ்ட் பெருகியது. சர்க்கரை குறைவாக இருந்தால்தான் நிறைய நொதி செய்தது.

"உக்காந்த இடத்துல எல்லாம் கிடைச்சா, அது நொதி செய்யவே மாட்டேங்குதும்மா," என்றாள்.

இளஞ்சூட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சர்க்கரை கொடுத்து, இரண்டு நாள் ஆட்டி ஆட்டி வளர்த்தாள். அஸமத்தும் தன் பங்குக்கு ஆட்டினான். சோதித்துப் பார்க்க நாள் இல்லை. அம்மா துணிந்து முப்பது பெட்டி மிட்டாயிலும் அதையே சேர்த்தார்.

ஐந்தாம் நாள் ஒன்றை உடைத்தார்கள். நடுவில் கல்போல இருந்தது. அம்மா பெட்டிகளை மூடி, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றார்.

பத்தாம் நாள் அஸமத் ஒன்றைக் கடித்தான். பாகு தாடையில் வழிந்து புதுச் சட்டையில் சொட்டியது. அவன் துடைக்கக்கூட நிற்காமல் அடுத்ததற்குக் கை நீட்டினான்.